தோட்டத்து மண்ணில் புதைந்திருக்கும் ஜங்ஷன் பாக்ஸ்: மேலே புல் விரிக்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், தப்பாகப் புரிந்திருந்தால் திருத்துங்கள். ஊமச்சிகுளம் பக்கம் கட்டி முடித்த வீடாக வாங்கியிருக்கிறீர்கள். கேட்டுக்கும் போர்டிகோவுக்கும் நடுவில் தோட்டத்துக்கு விட்ட இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ் மண்ணில் புதைந்திருக்கிறது, மூடி மட்டும் தரைமட்டத்தில் தெரிகிறது, கேட் லைட்டுக்கும் தோட்ட விளக்குகளுக்கும் அங்கிருந்துதான் ஒயர் பிரிகிறது. அரை அடி மண் கொட்டி மேலே கொரியன் புல் விரித்துவிடலாம் என்கிறார் கொத்தனார். சுற்றி அரளி வைத்தால் மறைந்துவிடும் என்கிறார் தோட்டக்காரர். எந்தச் செடி பொருந்தும் என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மழை பெய்தால் அந்த லைட்டுகள் மட்டும் எரிவதில்லை, ரெண்டு நாள் வெயில் அடித்தால் தானாகச் சரியாகிவிடுகிறது என்று. செடியை அப்புறம் பார்க்கலாம், நான் கவலைப்படுவது அந்த வரிக்காகத்தான்.

மதுரையிலும் திருமங்கலம், மேலூர் பக்கமும் பல வருடமாக வீட்டு வயரிங் எடுத்துச் செய்கிறேன், அதில் தோட்ட விளக்கும் போர் மோட்டார் லைனும் நிறைய. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: பெட்டியின் மேல் மண்ணும் போடாதீர்கள், புல்லும் போடாதீர்கள். முடிந்தால் பெட்டியை மண்ணை விட்டு மேலே தூக்குங்கள். தூக்க முடியாத இடம் என்றால் அதற்கு ஒரு சின்ன சேம்பர் கட்டி, எந்த நேரமும் கையால் திறக்கும்படி வையுங்கள். தோட்டத்தை அதைச் சுற்றி அழகாகவே அமைக்கலாம்.

மழையில் அணைந்து வெயிலில் எரிகிறது என்றால் பெட்டிக்குள்ளோ, ஒயர் சேர்த்த இடத்திலோ, விளக்கின் ஹோல்டரிலோ தண்ணீர் போகிறது. தண்ணீர் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வழி போட்டுக் கொடுக்கிறது. அந்த லைனுக்கு ஆர்.சி.சி.பி. (கரன்ட் மண்ணுக்குக் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருந்து அது விழுவதால் விளக்கு அணைகிறதென்றால் பழுது இருக்கிறது, ஆனால் காவலும் இருக்கிறது என்று அர்த்தம். எம்.சி.பி. மட்டும் விழுகிறது, அல்லது எதுவுமே விழாமல் விளக்கு மட்டும் அணைகிறது என்றால் நிலைமை வேறு. எம்.சி.பி. என்பது ஒயர் சூடேறி எரியாமல் காப்பாற்றுவதற்கு. 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு ஈர மண்ணில் கால் ஆம்பியர் கசிந்துகொண்டிருப்பது தெரியவே தெரியாது, அது பாட்டுக்கு நிற்கும். மனித உடம்புக்கோ அதில் எட்டில் ஒரு பங்குகூட ஆபத்தானது. வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்று சொல்வது அதனால்தான். உங்கள் டி.பி. பாக்ஸை, அதாவது எம்.சி.பி.க்கள் வரிசையாக இருக்கும் பெட்டியைத் திறந்து பாருங்கள். டெஸ்ட் என்று எழுதிய சின்னப் பட்டன் உள்ள சுவிட்ச் ஒன்று இருக்க வேண்டும். அந்தப் பட்டனை அழுத்தியதும் பட்டென்று விழ வேண்டும். விழவில்லை என்றாலோ அப்படி ஒரு சுவிட்சே இல்லை என்றாலோ, தோட்ட லைனின் எம்.சி.பி.யை இன்றைக்கே இறக்கி வைத்துவிடுங்கள். பழுது பார்த்து முடிக்கும் வரை கேட் லைட் எரியாவிட்டால் பரவாயில்லை. வெறுங்காலோடு குழாயைப் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் விடுகிற இடம் அது, குழந்தைகள் விளையாடுகிற இடமும் அதுதான்.

ஆர்.சி.சி.பி. பற்றி இன்னொன்று. வீடு முழுவதற்கும் ஒன்றே ஒன்று போட்டிருந்தால், தோட்டத்தில் ஈரம் பட்டதும் வீடே இருட்டாகும், ராத்திரியில் எரிச்சல் தாங்காமல் யாராவது அதை பைபாஸ் செய்துவிடுவார்கள். இதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன், வயிற்றைக் கலக்கும் வேலை அது. தோட்ட லைனுக்கு மட்டும் தனியாக ஒரு ஆர்.சி.பி.ஓ. (ஆர்.சி.சி.பி., எம்.சி.பி. இரண்டின் வேலையையும் சேர்த்துச் செய்வது) போட்டுக்கொண்டால் தோட்டம் மட்டும் அணையும், வீடு எரியும். போடும்போது அந்த லைனின் நியூட்ரலும் அதே ஆர்.சி.பி.ஓ. வழியாகத்தான் போக வேண்டும். பொது நியூட்ரல் பாரில் கொண்டுபோய்ச் சேர்த்தால் காரணமே இல்லாமல் விழுந்துகொண்டிருக்கும், பழி ஆர்.சி.பி.ஓ. மேல் வரும்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். அது உண்மையிலேயே ஜங்ஷன் பாக்ஸ்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நம் பக்கத்து வீடுகளில் தோட்டத்துத் தரையில் தெரிகிற மூடி மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒன்று, எர்த் பிட், அதாவது வீட்டின் எர்த் மண்ணில் இறங்கும் குழி. உள்ளே ஒரு குழாயோ கம்பியோ நின்றுகொண்டு, அதிலிருந்து தகடோ பச்சை ஒயரோ வீட்டுக்குப் போகும். அதற்கு ஈரம் வேண்டும், சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் நாமே குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும், பக்கத்தில் செடி இருந்தால் நல்லதுதான், ஆனால் உள்ளே கொட்டிய உப்பு ஓரத்துச் செடியைக் கருக்கலாம். இரண்டாவது, தெருக் கம்பத்திலிருந்து மீட்டருக்கு வரும் ஈ.பி. கேபிளின் பெட்டி. மீட்டர் வரை வருகிற லைனில் நீங்களும் கை வைக்கக்கூடாது, நானும் கை வைக்கக்கூடாது. வீட்டு மெயினை இறக்கினாலும் அதில் கரன்ட் இருந்துகொண்டே இருக்கும். அங்கே சந்தேகம் என்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி ஆள் வரவழைப்பதுதான் முறை. மூன்றாவதுதான் நம் சொந்த ஜங்ஷன் பாக்ஸ், தோட்ட விளக்குக்கோ போர் மோட்டாருக்கோ போவது. நீங்கள் சொல்கிற அடையாளத்தை வைத்துப் பார்த்தால் இது மூன்றாவது வகை மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் படம் இல்லாமல் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். எர்த் பிட்டுக்கு ஈரம் நல்லது, ஜங்ஷன் பாக்ஸுக்கு ஈரம்தான் எதிரி, அதனால் இதில் ஆள் மாறிவிடக்கூடாது.

புதைக்கக்கூடாது என்பது என் சொந்தப் பிடிவாதம் இல்லை. வீட்டு வயரிங்குக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 732. ஒயர் சேரும் இடம் எதுவானாலும் திறந்து பார்க்கவும் சோதிக்கவும் வழி இருக்க வேண்டும் என்பது அதில் அடிப்படை விதி. மண்ணில் புதைப்பதற்கென்றே செய்த ஜாயின்டுக்கும், ரெசின் மாதிரி கலவை ஊற்றி முழுதாக அடைத்த ஜாயின்டுக்கும் மட்டும் விலக்கு உண்டு. கடையில் வாங்கி, திருகு மூடி போட்டு, உள்ளே டேப் சுற்றிய பெட்டிக்கு அந்த விலக்கு கிடையாது. பெட்டியில் ஐ.பி. 65 என்று அச்சடித்திருக்கிறதே என்பார்கள். அது பீய்ச்சி அடிக்கிற தண்ணீரைத் தாங்கும் என்பதற்கான எண், தேங்கி நிற்கிற தண்ணீருக்கு அது பேசாது. ஐ.பி. 67 என்றால்கூட ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் என்பதுதான் சோதனை. ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்து மண் ஊறி நிற்கும்போது அந்தக் கணக்கு எங்கே போகும்? அதோடு, பைப் நுழைய ஓட்டை போட்டு, கிளாண்ட் (ஓட்டையில் ஒயரைச் சுற்றி இறுக்கி அடைக்கும் திருகு) போடாமல் ஒயரைத் திணித்த நிமிடமே பெட்டியில் அச்சடித்த எண் செல்லாததாகிவிடுகிறது.

மூடியை இறுக்கிவிட்டால் மட்டும் தண்ணீர் வராது என்று நினைக்க வேண்டாம். பகலில் பெட்டிக்குள் காற்று சூடாகி விரிகிறது, ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது வெளியிலிருக்கும் ஈரக் காற்றை ஒயர் போகிற கன்ட்யூட் பைப் வழியாக உள்ளே இழுக்கிறது, அது உள்ளே துளியாகப் படிகிறது. மழையே இல்லாத மாசி மாதத்தில் மூடியைத் திறந்தாலும் அடியில் அரை டம்ளர் தண்ணீர் நிற்பது இதனால்தான். அப்புறம் எறும்பு. எறும்புக்குக் காய்ந்த இருட்டான இடம் ரொம்பப் பிடிக்கும், மண்ணைக் கொண்டுவந்து கனெக்டர் மேலேயே புற்று வைக்கும், அந்த மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெருச்சாளி கன்ட்யூட் பைப்பை வெளியிலிருந்து கடிக்கும். கரையான் ஒயரின் மேலுறையை அரிக்கும். இதெல்லாம் மூடியைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும். அரை அடி மண்ணும் புல்லும் மேலே இருந்தால் ஒருநாளும் தெரியாது, வீட்டை அடுத்து வாங்குகிறவருக்கு அங்கே ஒரு பெட்டி இருப்பதே தெரியாது.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். முதல் விருப்பம், பெட்டியை மண்ணிலிருந்து எடுத்துவிட்டு, காம்பவுண்டுச் சுவரிலோ கேட் தூணிலோ தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் மாட்டுவது. பைப் எல்லாம் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும், மேலிருந்து நுழைந்தால் மழைத்தண்ணீர் பைப்போடு வழிந்து உள்ளே இறங்கும். சுவர் தூரமாக இருந்தால் ஒரு சிறிய சிமென்ட் கட்டை எழுப்பி அதில் மாட்டலாம். மதுரை வெயிலில் சாதாரண பிளாஸ்டிக் சில வருடத்தில் வெளுத்து நொறுங்கும், ஆகவே வெயில் தாங்கும் பாலிகார்பனேட் பெட்டியாக வாங்குங்கள், காசு கொஞ்சம் கூடத்தான் ஆகும்.

இடம் மாற்றவே முடியாது என்றால் சேம்பர். பெட்டியைச் சுற்றி ஒன்றரை அடி சதுரத்துக்கு செங்கல் கட்டு, அடியில் சிமென்ட் போடாமல் அரை அடிக்கு ஜல்லி, வந்த தண்ணீர் நிற்காமல் மண்ணுக்குள் இறங்கட்டும். பெட்டி ஜல்லியில் உட்காரக்கூடாது, பக்கச் சுவரில் உயர்த்தி மாட்ட வேண்டும். சேம்பரின் விளிம்பு தோட்டத்து மண்ணைவிட இரண்டு மூன்று அங்குலம் உயரமாக இருந்தால் புல்லுக்கு விடுகிற தண்ணீர் வழிந்து உள்ளே போகாது. மூடி ஒரு ஆள் தூக்கும் எடையில் இருக்கட்டும், ஃபைபர் மூடி நல்லது. இரும்பு மூடி போட்டால் அதற்கு எர்த் கொடுக்க வேண்டும், கொடுக்கிறவர்கள் குறைவு. உள்ளே வரும் பைப்களின் வாயைச் சும்மா விடாமல் அடைக்கும் களிம்பு போட்டு மூடுங்கள், எறும்பும் ஈரக் காற்றும் வருகிற முக்கிய வழி அதுதான். ஒயர் சேர்க்கும் இடத்தில் முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம், கனெக்டர் போட்டு, தண்ணீர் புகாத ஜெல்லோ ரெசினோ உள்ள ஜாயின்ட் கிட்டில் அடைத்துவிடுங்கள். ரெசின் ஊற்றிவிட்டால் திரும்பப் பிரிக்க முடியாது, வெட்டி எறிந்து புதிதாகத்தான் சேர்க்க வேண்டும், அதற்காக ஒவ்வொரு ஒயரிலும் ஒரு முழம் கூடுதலாகச் சுருட்டி வையுங்கள்.

உங்கள் மண் எப்படி என்று எழுதவில்லை. ஒத்தக்கடை, மேலூர், அழகர்கோவில் பக்கம் செம்மண்ணும் கீழே பாறையும் இருக்கும், கேபிள் பைப்பை ஆழமாக இறக்க முடியாமல் மேலாகவே விட்டுவிடுவார்கள், கடப்பாரை பட வாய்ப்பு அதிகம். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கத்துக் கரிசலில் பிரச்சினை வேறு மாதிரி. மழைக்கு மண் உப்பும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், வருடா வருடம் இந்த இழுபறியில் பெட்டியோடு ஒட்டிய பைப் கழன்று வந்துவிடும். கரிசல் என்றால் பைப்பைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மணலைப் போட்டு நிரப்புங்கள், பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் வளைகிற பைப் போடுங்கள், மண் நகர்ந்தாலும் அது சமாளிக்கும்.

இப்போது செடி. சேம்பர் மூடியைச் சுற்றி இரண்டு அடிக்கு எதையுமே நடாமல் விடுங்கள் என்பது என் வழக்கம். தரநூலில் அப்படி ஓர் அளவு இல்லை. ஒரு ஆள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் கருவிப் பையை வைத்து வேலை பார்க்க அவ்வளவு இடம் வேண்டும், அவ்வளவுதான் காரணம். அந்த இரண்டு அடியில் உரச் சாக்கைப் பிரித்து விரித்து மேலே கூழாங்கல் கொட்டிவிட்டால் களை குறைவாக வரும், பார்க்கவும் நன்றாக இருக்கும். களை வந்தால்தான் களைக்கொத்தி வரும். மூடியை மறைக்க வேண்டும் என்று தோன்றினால் மேலே ஒரு தொட்டிச் செடி வையுங்கள், ஒரு கையால் நகர்த்துகிற அளவில். மண்தொட்டியில் பத்துமணிப் பூ வைத்தால் குறைந்த தண்ணீரில் வெயிலுக்குச் சிரித்துக்கொண்டு நிற்கும்.

அதற்கு வெளியே இட்லிப்பூ, நந்தியாவட்டை மாதிரி வெட்டி அடக்கி வைக்கக்கூடிய செடிகளை வையுங்கள், கேட் பக்கம் இருந்து பார்க்கும்போது பெட்டி தெரியாது, வீட்டுப் பக்கம் இருந்து கை எட்டும். அரளி வேண்டாம் என்பேன். அது புதராக ஆள் உயரத்துக்கு எழும்பும், நடுவில் போய் உட்காரவே முடியாது, செடி முழுக்க விஷம் வேறு, குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் யோசிக்க வேண்டியது. காகிதப்பூவும் முள்ளால் வழியை அடைத்துவிடும். மல்லிகைப் பந்தல் போடும் ஆசை இருந்தால் பெட்டியிலிருந்து தள்ளி, வேறு மூலையில் போடுங்கள். மல்லிக்கு ஒரு அடிக்கு மேல் குழி தோண்ட வேண்டும், கவாத்து, கொத்திவிடுதல், உரம் என்று வருடம் முழுக்க வேர்ப்பகுதியில் வேலை இருக்கும். விடிகாலையில் மொட்டுப் பறிக்க ஈர மண்ணில் நிற்பதும் வீட்டுப் பெண்கள்தான், வெறுங்காலில். அந்த இடத்துக்கும் 230 வோல்ட் ஜாயின்டுக்கும் சம்பந்தமே இருக்கக்கூடாது.

கொரியன் புல் உங்கள் விருப்பம் என்றால் கூழாங்கல் வட்டத்துக்கு வெளியே விரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அது தினமும் தண்ணீர் கேட்கும் புல் என்பதை நினைவில் வைத்து, தரையின் சரிவு சேம்பரை விட்டு விலகிப் போகும்படி மண்ணைச் சமன் செய்யச் சொல்லுங்கள். சொட்டுநீர்க் குழாய் போட்டால் சொட்டுகிற இடம் பெட்டிக்கு மூன்று அடிக்குள் வர வேண்டாம். தென்னை நார்க்கழிவு, சருகு மூடாக்கு எல்லாம் செடிக்கு நல்லது, பெட்டிப் பக்கம் மட்டும் வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைக்கும், தேளும் பாம்பும் ஒதுங்கும், மூடியைத் தூக்கக் கையை விடுகிறவருக்கு ஆபத்து. உரத்தையும் அந்த வட்டத்தில் தூவாதீர்கள், உர உப்பு இரும்பையும் செம்பையும் அரிக்கும்.

பெட்டியைவிடக் கேபிள் போகிற பாதைதான் எனக்குப் பெரிய பயம். தரநூல் கணக்குப்படி மண்ணில் நேரடியாகப் புதைக்கும் லோ வோல்டேஜ் கேபிள் முக்கால் மீட்டர் ஆழம் போக வேண்டும், கீழும் மேலும் மணல், அதன் மேல் செங்கல் வரிசை. வீட்டுத் தோட்டங்களில் நான் திறந்து பார்ப்பது பெரும்பாலும் ஒரு அடி ஆழத்தில் சாதாரண பிவிசி பைப்பும் அதற்குள் வீட்டு ஒயரும்தான். தோட்டக்காரர் ஒரே குத்தில் கடப்பாரையை அதற்கும் கீழே இறக்கிவிடுவார். எனவே ஒரு குழிகூடத் தோண்டுவதற்கு முன்னால் பெட்டியிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் பாதை எப்படிப் போகிறது என்று கண்டுபிடியுங்கள். கொத்தனார்கள் பைப்பை எப்போதும் நேர்க்கோட்டில் விடுவார்கள் என்று நம்ப வேண்டாம், மெயினை இறக்கிவிட்டுக் கையால் மெதுவாக மண்ணை விலக்கிப் பாருங்கள். பாதை தெரிந்ததும் சுவரில் பெயின்டால் குறி வைத்து, போனில் படமும் எடுத்து வையுங்கள். புதிதாக லைன் இழுப்பதென்றால் ஆர்மர்டு கேபிள் போடச் சொல்லுங்கள், அதன் இரும்புக் கவசத்துக்கு எர்த் கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

உறுதியாகச் சொல்ல முடிகிறவை இவை. இனிச் சொல்வதில் ஆளுக்கு ஆள் கருத்து மாறும். வேர் வந்து பெட்டியைப் பிளந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். நல்ல பைப்பை மெல்லிய வேர் துளைத்து நான் பார்த்ததில்லை, வேர் பருக்கும்போது பைப்பைத் தூக்கி மூட்டைக் கழற்றிவிடுவதைத்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே வேம்பு, புங்கை, மூங்கில் மாதிரி மரங்களைத் தள்ளி வையுங்கள், எத்தனை அடி என்பது மரத்தையும் மண்ணையும் பொறுத்தது, நான் பத்து அடிக்குக் குறைய வைக்க மாட்டேன். மூடி விளிம்பில் சிலிகான் தடவலாமா என்பதிலும் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. என் அனுபவத்தில் ஒருமுறை மூடியைத் திறந்ததும் அது கிழிந்துவிடும், திரும்ப யாரும் தடவுவதில்லை, நல்ல ரப்பர் வாஷர் போதும்.

விளக்குகளை 12 வோல்ட் எல்.இ.டி.யாக மாற்றிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யோசிக்கத் தகுந்தது. டிரான்ஸ்பார்மர் வீட்டுக்குள் இருக்கும், தோட்டத்துக்குப் போவது 12 வோல்ட் மட்டும், ஈரத்தில் உயிருக்கு ஆபத்து ரொம்பக் குறைவு. தூரம் கூடினால் வோல்டேஜ் விழுந்து கடைசி விளக்கு மங்கும், அதற்குத் தடித்த ஒயர் போட வேண்டும். முப்பது அடிக்குள் நாலைந்து சிறிய விளக்குகள் என்றால் தாராளமாகச் செய்யலாம். கேட் மேல் பெரிய விளக்கு வேண்டும் என்றால் அதை மட்டும் 230 வோல்ட்டில் சுவர் வழியாகக் கொண்டுபோய்விடலாம், அப்போது தோட்டத்து மண்ணில் ஆபத்தான ஜாயின்டே இருக்காது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் செய்வேன்.

மூடியைத் திறந்து பார்க்காமல் உங்கள் பெட்டியில் தண்ணீர் எங்கே புகுகிறது என்று என்னால் சொல்ல முடியாது. யாரும் எழுத்தை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு, விளக்குகளைக் கழற்றிவிட்டு அந்த லைனுக்கு மெக்கர் (ஒயரின் உறை வழியாகக் கரன்ட் கசிகிறதா என்று அளக்கும் மீட்டர்) போடச் சொல்லுங்கள். டெஸ்டரை வைத்துத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றால் ஏற்காதீர்கள். 500 வோல்ட்டில் மெக்கர் 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைன் தேறாது, ஒயரையே மாற்ற வேண்டியிருக்கலாம். முடிந்தால் நல்ல மழைக்கு மறுநாள் வரச் சொல்லுங்கள், காய்ந்த மண்ணில் எல்லாம் சரியாகவே காட்டும். மெக்கர் அளவு தெரிந்ததும், மூடியைத் திறந்த நிலையில் ஒரு படமும் எடுத்து இங்கே போடுங்கள், சேம்பரா, சுவரில் தூக்குவதா என்று அப்போது இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன். புல் வாங்கக் கொடுத்த முன்பணம் இருந்தால் ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்லிவிடுங்கள்.